வலிக்காது என்று சொன்னவள்

"யக்கா, ஜெசிந்தா வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு, நினைவில்லாமல் கிடந்த இசக்கியம்மாளின் நெற்றியில் நர்ஸ் உள்ளங்கையை வைத்தாள். முதலில் பேர் சொல்ல வேண்டும், பிறகு தொட வேண்டும், அதற்கப்புறம்தான் கேட்க வேண்டும். தலைக்காய வார்டில் அதுதான் முறை. கண்ணை மூடிக் கிடக்கிற உடம்பை யாரோ சொல்லாமல் தொட்டால், இருட்டில் காலில் ஏதோ ஊர்ந்த மாதிரி திடுக்கென்று இருக்கும் அல்லவா?

"வலிக்கா யக்கா?"

தலைமாட்டிலிருந்த சின்ன ஒலிபெருக்கி கரகரத்தது. அதற்கு ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. வார்த்தை மட்டும் இசக்கியம்மாளுடையது.

"இடுப்புக்குக் கீழ. கங்க அள்ளி வச்சாப்ல."

"தாகமா இருக்கா?"

"நாக்கு ஒட்டுது."

"பயமா இருக்கா?"

"நீதான் வந்துட்டேல்லா தங்கச்சி. இப்ப இல்ல."

அவ்வளவுதான். மூன்று கேள்வி. அந்த ஆஸ்பத்திரிக்குப் பேச்சுத் தொப்பி வந்த அன்று நர்ஸ்கள் எல்லோரும் வரிசையாக நின்று கைநீட்டிச் சத்தியம் செய்த மூன்று கேள்வி. வலிக்கிறதா, தாகமா, பயமா. நினைவில்லாமல் கிடக்கிறவர்களிடம் நாலாவதாக ஒன்றைக் கேட்கக் கூடாது.

தொப்பி என்றால் பெரிய பகட்டொன்றும் இல்லை. குளிருக்குப் போடுகிற கம்பளிக் குல்லாய் மாதிரிதான் இருக்கும். உள்ளே மயிரிழைபோல் கம்பிகள். நாக்கில் ஏறாமல் மண்டைக்குள்ளேயே கிடக்கிற பேச்சை அது வாங்கி வெளியே சொல்லும். ஜெசிந்தாவுக்கு அது இயந்திரமாகத் தெரிந்ததே இல்லை. அவள் புருஷன் சேவியர் பக்கவாதத்தில் விழுந்து இதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான், தொப்பி என்ற பேச்சே இல்லாத காலத்தில். புருவத்தைப் பார்த்தும் வியர்வையைப் பார்த்தும் வலிக்கிறதோ என்னவோ என்று ஊகித்து ஊகித்தே அவனை வழியனுப்பினாள். கடைசியில் அவனுக்கு வலித்ததா இல்லையா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அதனால்தான் தொப்பிக்குள்ளிருந்து முதல் நோயாளி 'தண்ணி' என்று கேட்டபோது, மற்றவர்கள் கைதட்ட, அவள் மட்டும் மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

இசக்கியம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஒரே மகள் வடிவு. வடிவுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பையனை ஏதோ திருட்டு விசாரணை என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. சாப்பாட்டுத் தூக்குடன் போன வடிவு, காவல் நிலையத்துப் பின்பக்கச் சன்னல் வழியாக உள்ளே நடந்ததைக் கைபேசியில் படம் பிடித்துவிட்டாள். மறுநாள் பையன் நெஞ்சுவலியில் செத்துப்போனதாகச் சொன்னார்கள். அன்றைக்கே வடிவு ஊரைவிட்டு மறைந்தாள், கைபேசியோடு. அவளைத் தேடி வீட்டுக்கு வந்தவர்களை மறித்து மாடிப்படியில் நின்ற இசக்கியம்மாள் 'வழுக்கி' விழுந்தாள். வழுக்கியதா, தள்ளியதா என்பதைச் சொல்ல அங்கே காக்கிச் சட்டைக்காரர்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

வடிவு எங்கே இருக்கிறாள் என்பது தாய்க்கு மட்டும் தெரியும். அந்தத் தாய் இப்போது பொய் சொல்லத் தெரியாத ஓர் இடத்தில் கிடந்தாள்.

*

இன்ஸ்பெக்டர் தமயந்தி முதல்முறை வந்தபோது செருப்பை வார்டு வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள். அதட்டவில்லை, உருட்டவில்லை. அந்த மரியாதைதான் ஜெசிந்தாவுக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் ஆவுடையப்பன் அவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தம்மா தூங்கவும் இல்ல, முழிச்சிருக்கவும் இல்ல மேடம். ரெண்டுக்கும் நடுவுல கிடக்காங்க. அந்த எடத்துல பொய் சொல்லத் தெம்பு கிடையாது. மறைக்கவும் தெம்பு கிடையாது. கேட்டா வந்துடும்."

"அப்போ கேட்க வேண்டியதுதானே டாக்டர்?"

"நான் கேட்டா வராது. நீங்க கேட்டாலும் வராது. கைக்குழந்தை வேத்தாளப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடும்லா, அந்த மாதிரி. நம்புற குரலுக்கு மட்டும்தான் வாய் திறக்கும். தினம் குளிப்பாட்டி, திருப்பிப் போட்டு, பேசிக்கிட்டே இருக்கிற குரல். இங்க அது ஜெசிந்தா சிஸ்டர்தான்."

இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி. அவங்க மகள் எங்க இருக்கான்னு கேளுங்க. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. நானே கூட்டிட்டு வந்து பத்திரமா வைக்கிறேன்."

"முடியாது மேடம்."

"ஏன்?"

"அவங்க சம்மதம் இல்லாமக் கேக்கக் கூடாது."

"சம்மதமான்னும் நீங்களே கேளுங்க. சரின்னு சொல்லப்போறாங்க."

"ஆமா, நான் எதக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. அதனாலதான் கேக்கக் கூடாது." ஜெசிந்தா கட்டிலைக் காட்டினாள். "பூட்டு இல்லாத வீடு மேடம் அது. தொறந்து கிடக்குன்னு உள்ள போகலாமா?"

"ஒரு கொலை நடந்திருக்கு சிஸ்டர்."

"யாரு பண்ணுனது?"

இன்ஸ்பெக்டர் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தாள். "நான் அந்த ஸ்டேஷன் இல்ல. எனக்கு மேல இருந்து சொல்றாங்க, நான் செய்றேன். உங்களுக்கும் மேல ஆள் இருக்காங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மேலே இருக்கிற ஆள் மறுநாள் பேசினார். டீன் அறையில் மேட்ரன் கமலாபாயும் இருந்தாள்.

"சட்டத்துல இதுக்குத் தடை ஒண்ணும் இல்லையேம்மா," என்றார் டீன்.

"அனுமதியும் இல்ல சார்," என்றாள் ஜெசிந்தா.

உண்மைதான். தொப்பி ஓடி வந்த வேகத்துக்குச் சட்டம் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால்தான் வந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் தொப்பியக் கழட்டிடுதேன்," என்றாள்.

"தொப்பியில கை வச்சா சாட்சியத்த அழிச்சதா கேஸ் போடுவாங்க. உன்ன மட்டும் இல்ல, என்னையும் சேத்து." டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பதவி என்பது எருமைக்குக் கட்டின மூக்கணாங்கயிறு மாதிரி. இழுத்த பக்கம் திரும்பியாக வேண்டும்.

*

அன்றிலிருந்து கட்டில் பக்கத்தில் ஏட்டு மாசானம் காவல் உட்கார்ந்தார். ஓய்வு பெறப்போகிற வயது, முழங்கால் வலி, நல்ல மனசு. ஜெசிந்தா கேட்க மறுத்ததால் அவரையே பேசிப் பழகச் சொல்லியிருந்தார்கள்.

"யம்மா, நான் மாசானம். ஏட்டு. காவல்துறை உங்கள் நண்பன்," என்று முதல் நாள் ஆரம்பித்தார். ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் தினசரியை எடுத்துவந்து தங்கம் விலை, மழை நிலவரம், ராசிபலன் என்று ஒன்றுவிடாமல் வாசித்தார்.

"உங்க ராசி என்னம்மா? கன்னின்னா இன்னிக்கு எதிர்பாராத வரவுன்னு போட்டிருக்கான்."

பக்கத்துக் கட்டில் நோயாளியின் சம்சாரம் சிரித்தாள். "ஏட்டய்யா, உங்க வீட்டம்மாகிட்டயே இப்படிப் பேசியிருந்தா இந்நேரம் அவுக பேசியிருப்பாகளே!"

"அவ பேசுறத நிறுத்துறதுக்குத் தொப்பி இருந்தாச் சொல்லுங்க தாயி, நான் வாங்கிக்கிடுதேன்," என்றார் மாசானம்.

ஜெசிந்தாவும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஏனென்றால் ஆபத்து அவள் நினைத்ததைவிட அருகில் இருந்தது. ஏட்டு டீ குடிக்கப் போயிருந்த ஒரு காலை நேரம், வழக்கம்போல் மூன்று கேள்வி முடித்து, குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கேட்காமலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"வடிவு சாப்பிட்டாளோ என்னமோ. பாவம், அங்க அந்த..."

ஜெசிந்தா கஞ்சிப் புனலை அப்படியே விட்டுவிட்டு ஒலிபெருக்கியின் வாயைக் கையால் பொத்தினாள். "யக்கா, யக்கா! அது எனக்கு வேண்டாம். எனக்குச் சொல்லாதீக. கேட்டேளா?"

உள்ளங்கைக்குள் ஏதோ முணுமுணுத்து அடங்கியது. கஞ்சி தரையெல்லாம் கொட்டியிருந்தது. துடைத்துக்கொண்டே யோசித்தாள்: நம்பிக்கை என்பது இத்தனை பயங்கரமான சாமானா? என்னை நம்பினதாலேயே இந்த மனுஷி தன் பிள்ளையைக் கொடுத்துவிடுவாளா?

*

சனிக்கிழமை மதியம், உடை மாற்றும் அறைக்கு ஜெசிந்தா போகிற வழியில், மூடியிருந்த ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

அவள் குரலேதான். "யக்கா, ஜெசிந்தா வந்திருக்கேன்."

கதவோரம் அப்படியே நின்றாள். உள்ளே யாரோ, "இன்னும் கொஞ்சம் மெதுவா வரட்டும். அந்தம்மா இழுத்துப் பேசுவாங்க," என்றார்கள். மறுபடி அவள் குரல், இந்த முறை இன்னும் அவளாகவே: "யக்கா... உங்க மக வடிவு எங்க யக்கா இருக்கா?"

அவள் ஆயுசில் கேட்காத கேள்வியை அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. தொப்பி பழகுவதற்காக நர்ஸ்கள் பேசுகிற பேச்சையெல்லாம் அந்த இயந்திரம் தனக்குள் சேர்த்துவைக்கும். அதை எடுத்து, அதிலிருந்து அவளைப்போலவே பேசுகிற ஒரு குரலைச் செய்துவிட்டார்கள்.

ஏட்டு மாசானம் வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. "கேட்டுட்டியா தாயி?"

"எப்ப ஏட்டய்யா?"

"நாளைக்குக் காலைல. டாக்டர் பாத்துட்டுப் போனதும்." குரலைத் தாழ்த்தினார். "நீ லீவு போட்டுரு. ஒம் மேல பழி வராது. நீ கேக்கல, மிஷின்தான் கேட்டுச்சு, அவ்வளவுதான்."

நர்ஸ்கள் சங்கத்து வக்கீலுக்குப் போன் போட்டாள். "திங்கக்கிழமை கோர்ட் திறந்ததும் தடை வாங்கிடலாம் சிஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படியாவது தாண்டிருங்க," என்றார் அவர். எப்படியாவது. சொல்வது சுலபம்.

மருந்து அறையில் பிரிஸ்கில்லா ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்னப்பெண், வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அவளைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்குப் பழைய சங்கதி ஒன்று ஞாபகம் வந்து, நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

தொப்பி வந்த புதிதில் பிரிஸ்கில்லாவுக்கு ஒரு நோயாளி அமைந்தார். லாரி டிரைவர். அவள் குரல் என்றால் அவருக்கு உயிர். ஒருநாள் மூக்குக் குழாயை மாற்றும்போது, நம்மூர் நர்ஸ்கள் எல்லாரும் காலங்காலமாகச் சொல்கிற அந்த வார்த்தையை அவளும் சொல்லிவிட்டாள்: "வலிக்காதுண்ணே." குழந்தைக்கு ஊசி போடும்போதும் சொல்வதுதான், கிழவனுக்குத் தையல் பிரிக்கும்போதும் சொல்வதுதான். பொய் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் கண்ணும் இல்லாமல் வாயும் இல்லாமல் ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கிறவனுக்கு, அந்தக் குரல் வலிக்காது என்று சொல்லி, உடனே வலித்தால்? அன்றோடு அவர் பிரிஸ்கில்லாவின் குரலுக்கு வாய் திறக்கவே இல்லை. அழுது கெஞ்சினாள், பாட்டுப் பாடினாள், மன்னிப்புக் கேட்டாள். கடைசிவரை ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கப்புறம் அந்த வார்டில் யாரும் 'வலிக்காது' என்று சொல்வதில்லை. 'கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கிடுங்க' என்றுதான் சொல்வார்கள்.

ஜெசிந்தா முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? காப்பி வாங்கிட்டு வரவா?" என்றாள் பிரிஸ்கில்லா.

"இசக்கியக்காவுக்கு டிரெஸ்ஸிங் எப்ப?"

"இப்பதான். நான் எல்லாம் எடுத்து வச்சுட்டேன். நீங்க பண்ணுதேளா, நான் பண்ணவா?"

"நான் பண்ணுதேன்," என்றாள் ஜெசிந்தா. பிறகு தட்டிலிருந்த சலைன் பாட்டிலை எடுத்து மேசைமேலேயே வைத்தாள்.

பிரிஸ்கில்லா அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். ஜெசிந்தாவைப் பார்த்தாள். படுக்கைப் புண்ணில் ஒட்டிக் காய்ந்த துணியைச் சலைன் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுப்பார்கள். நர்ஸ் படிப்பில் முதல் மாசம் படிக்கிற பாடம். ஊறவைக்காமல் எடுத்தால் சதையோடு வரும்.

"அக்கா..."

"பேசாத."

"அக்கா, வேண்டாம்க்கா."

"நாளைக்கு அவங்க எங் குரல வச்சுக் கேக்கப் போறாக. எங் குரலுக்கு அவ வாயே திறக்கக் கூடாது, பிரிஸ்கி. ஒன்னத் தவிர இந்த வழி எனக்கு யாரும் சொல்லித் தரல." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

திரையை இழுத்துவிட்டாள். ஏட்டு மரியாதையாக எழுந்து வெளியே போனார்.

"யக்கா, ஜெசிந்தா வந்திருக்கேன்."

நெற்றியில் கையை வைத்தாள். ஒலிபெருக்கி கேட்காமலே சொன்னது: "வா தங்கச்சி."

ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். எல்லாம் தினமும் செய்கிறதுதான். கையுறை போட்டாள். காய்ந்துபோன துணியின் ஓரத்தைப் பிடித்தாள். வெளியே காரிடாரில் யாரோ ஆரஞ்சுப் பழம் விற்கிறவனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வலிக்காது யக்கா," என்றாள் ஜெசிந்தா.

இழுத்தாள்.

ஒலிபெருக்கியிலிருந்து முதலில் சத்தம் மட்டும் வந்தது. வார்த்தையாக ஆவதற்கு முந்தின சத்தம். பிறகு வார்த்தை.

"வலிக்காதுன்னியே தங்கச்சி."

ஜெசிந்தா பல்லைக் கடித்தாள். ஒரு முறை போதுமா என்று அவளுக்குத் தெரியாது. தவறு என்று மன்னித்துவிட்டால்? இந்த மனுஷி மன்னிக்கிற ஜாதி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தட்டைத் தட்டிவிட்டாலும் மறுபடி சோறு போடுகிறவள். மிச்சத் துணி இன்னும் ஒட்டியிருந்தது.

"இனிமே வலிக்காது யக்கா. சத்தியமா வலிக்காது."

மறுபடி இழுத்தாள்.

இந்த முறை வார்த்தை வரவில்லை. அழுகைகூட வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போன வீடு மாதிரி ஒரு நிசப்தம்.

பிறகு ஓடிப்போய்ச் சலைனைக் கொண்டுவந்து புண்ணைக் கழுவினாள். மருந்து வைத்தாள், வலிக்கு ஊசி போட்டாள். ஒரு தாய் எப்படிச் செய்வாளோ அப்படிச் செய்தாள். எல்லாம் முடிந்து, நெற்றியில் கை வைத்துக் கேட்டாள்.

"வலிக்கா யக்கா?"

ஒன்றுமில்லை.

"தாகமா இருக்கா?"

ஒன்றுமில்லை.

"பயமா..." அந்தக் கேள்வியை அவளால் முடிக்க முடியவில்லை. உள்ளங்கைக்குக் கீழே இசக்கியம்மாளின் நெற்றி சுருங்குவதை உணர்ந்து கையை எடுத்துக்கொண்டாள்.

டூட்டி முடிவதற்குள் வார்டு நர்ஸ்கள் ஒவ்வொருவரிடமும் போய் ஒரே ஒரு சொல் சொன்னாள்: அந்தக் கட்டில் பக்கம் போனால் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். உங்கள் குரலையும் அவள் நம்ப ஆரம்பித்தால் உங்கள் குரலையும் எடுப்பார்கள். ஏன் எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மேட்ரன் கமலாபாய் மட்டும் ஜெசிந்தாவின் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெசிந்தா லீவு போடவில்லை. எதிர்க் கட்டிலில் காய்ச்சல் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் தமயந்தி சின்னப் பெட்டி ஒன்றை இசக்கியம்மாளின் காதருகே வைத்தாள்.

"யக்கா, ஜெசிந்தா வந்திருக்கேன்," என்றது பெட்டி.

மானிட்டரில் நாடித்துடிப்பு குதித்தது. அவ்வளவுதான்.

"யக்கா... உங்க மக வடிவு எங்க யக்கா இருக்கா?"

மூன்று தடவை, நாலு தடவை, குரலை மாற்றி மாற்றி. ஒலிபெருக்கி ஊமையாகவே இருந்தது. அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் இசக்கியம்மாளின் விரல்கள் படுக்கை விரிப்பைப் பற்றுவதை இன்ஸ்பெக்டர் கவனித்தாள். நல்ல போலீஸ்காரி அவள். கண் சும்மா இருக்காது. மெல்ல நடந்து எதிர்க் கட்டிலுக்கு வந்தாள்.

"என்ன பண்ணீங்க சிஸ்டர்?"

"டிரெஸ்ஸிங் பண்ணுனேன் மேடம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் என்னவோ கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. "மிஷின் ரிப்பேர்னு எழுதிக்கிறேன்," என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் புரிந்துகொண்டாளா, புரிந்தும் விட்டுக்கொடுத்தாளா என்பது அவளுக்கும் அவள் மனசாட்சிக்கும்தான் வெளிச்சம்.

திங்கட்கிழமை தடை கிடைத்தது. இந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு, இந்த ஒரு நோயாளிக்கு மட்டும். தொப்பி வழியாகப் போலீஸ் கேட்கலாமா கூடாதா என்கிற பெரிய வழக்கு பெரிய கோர்ட்டில் பிறகு நடக்கும் என்றார்கள். சில வாரம் கழித்து வடிவு இரண்டு வக்கீல்களோடு நீதிபதி முன்னால் போய் நின்று, கைபேசியை மேசைமேல் வைத்தாள். அன்றைக்கு வார்டில் பிரிஸ்கில்லா எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள்.

ஜெசிந்தா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே இசக்கியம்மாளின் கட்டிலுக்குப் போனாள். இனி ஆபத்து இல்லை. இனிப் பேசலாம்.

"யக்கா, ஜெசிந்தா வந்திருக்கேன். வடிவு நல்லா இருக்கா."

நாடித்துடிப்பு எகிறியது. அசையாத உடம்பு, அந்த ஒரு குரலிலிருந்து தப்பிக்கிற மாதிரி, சுவர்ப்பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தது. டாக்டர்கள் அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார்கள். ஜெசிந்தா அதன்பின் அந்தக் கட்டிலருகே ஒரு சொல்லும் பேசவில்லை.

ஊமையாகவே குளிப்பாட்டினாள், ஊமையாகவே திருப்பிப் போட்டாள். வலிக்கிறதா என்பதைப் புருவத்தில் பார்த்தாள், தாகத்தை உதட்டில் பார்த்தாள். சேவியரை எப்படிப் பார்த்தாளோ அப்படி. பயத்தைப் பார்க்க மட்டும் அவளுக்கு வழி தெரியவில்லை. அதனால் டூட்டி முடிந்த பிறகும் சற்று நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

ஆடி போய் ஆவணி பிறந்ததும் இசக்கியம்மாள் கண் திறந்தாள். பேச்சு குழறலாகத்தான் வந்தது, ஆனால் சொந்த நாக்கில் வந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். வடிவு பக்கத்திலேயே இருந்து இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டினாள்.

ஒருநாள் மேட்ரன் வார்டைச் சுற்றி வரும்போது வடிவு எழுந்து நின்றாள். "அம்மா ஒரு புகார் சொல்லணும்னு சொல்லுதா மேடம்."

"சொல்லுங்கம்மா," என்றாள் கமலாபாய்.

இசக்கியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "ஜெசிந்தான்னு ஒருத்தி. மொகந் தெரியாது. குரல் தெரியும். எங் கூடப்பொறந்தவ மாதிரின்னு நெனச்சேன். வலிக்காது, வலிக்காதுன்னு சொல்லிட்டு, சதையப் பிச்சுப்புட்டா. சத்தியம் வேற பண்ணுனா. அவள இனி எந்த நோயாளி பக்கமும் விடாதீக."

பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற ஜெசிந்தாவைக் கமலாபாய் பார்த்தாள். நடந்ததைச் சொல்ல மேட்ரன் வாய் திறந்தேவிட்டாள். ஜெசிந்தா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

எதற்கு வேண்டாம் என்றாள் என்பது மேட்ரனுக்குத் தெரியும். அன்று செய்தது இன்னதென்று இந்த வார்டுக்கு வெளியே ஒரு காது கேட்டாலும், அடுத்த முறை போலீஸ் நர்ஸ்களையே கட்டிலுக்கு அருகில் விடாது. பெரிய வழக்கு இன்னும் முடியவில்லை. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு கட்டில்களில், தொப்பியை மாட்டிக்கொண்டு எத்தனை பேர் யாரையெல்லாம் நெஞ்சுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு கிடக்கிறார்களோ. அவர்களைக் காக்க நாளைக்கு யாரோ ஒரு ஜெசிந்தாவுக்கு இது ஒன்றுதான் வழியாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. புகார் சொல்வது நோயாளியின் உரிமை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்கிற அந்த உரிமைக்காகத்தான் ஜெசிந்தா இத்தனையும் செய்தாள். தனக்கு எதிராக வருகிறது என்பதற்காக அதை மட்டும் தடுக்க முடியுமா?

"எடுத்துக்கிடுதேன்மா. நடவடிக்கை எடுக்கேன்," என்றாள் கமலாபாய்.

வடிவு ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தாள். "இந்த அக்காவப் பத்தியும் அம்மா சொன்னா மேடம். பேச்சு வராதாம்லா இவங்களுக்கு? இவங்க கை வச்சா மட்டும்தான் தூக்கம் வருதாம். உங்க பேரு என்னக்கா?"

ஜெசிந்தாவின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டது. சட்டையில் குத்துகிற பேர் வில்லை அங்கேதான் ஒளிந்து கிடந்தது, இசக்கியம்மாள் கண் திறந்த நாளிலிருந்து. அவள் சிரித்து, தட்டைக் கீழே வைத்தாள். திரையை இழுத்துவிட்டாள்.

புண் அநேகமாக ஆறிவிட்டது. ஒரு ரூபாய் அகலத்துக்குத்தான் மிச்சம். இருந்தாலும் துணியின் மேல் சலைனைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். ஊறட்டும் என்று காத்திருந்தாள். இன்னும் ஊற்றினாள். துணி தானாகவே நெகிழ்ந்து, மிதந்து, கையோடு வந்தது.

இசக்கியம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்:

"வலிக்கல, தங்கச்சி."